சாயப்பட்டறை வாட்ச்மேன்

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகங்களைக் கலைத்து, வேறு துறைகளோடு சேர்த்து, அரசாங்கம் புதிதாக ஒரே அலுவலகமாக்கியதில் சாயப்பட்டறை முதலாளி அன்னூர் வெங்கடபதிக்குத் தூக்கம் போயிற்று.

பழைய அதிகாரிகள் என்றால் முகம் தெரியும். ஜீப் முக்குத் திரும்புவதற்குள் சாயப்பட்டறையின் பின்பக்கக் குழாயை அடைத்துவிடலாம். புது ஆட்கள் யார், எவர், ஒரு மண்ணும் தெரியவில்லை. ஜீப்பில்கூட வருவதில்லையாம். சாதாரண ஆள் போல வந்து நோட்டம் பார்த்துவிட்டுப் போய், மறுநாள் சீல் வைக்கிறார்களாம்.

அந்தக் குழாய் வழியாகத்தான் சாயத் தண்ணீர் திருட்டுத்தனமாக ஓடைப் பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மகள் சைத்ராவுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் பட்டறைக்குச் சீல் விழுந்தால் சொந்தபந்தத்தில் தலைகாட்ட முடியாது.

அன்று காலை டீக்கடை நசுருதீன் போன் செய்தார்.

"ஏனுங்கண்ணா, ஒருத்தரு காரைத் தள்ளி நிறுத்திப்போட்டு, உங்க பட்டறையப் பத்தித் துருவித் துருவிக் கேக்கறாருங்க. இப்ப அங்கதான் நடந்து வாராரு."

வெங்கடபதி பட்டறைக்குள் ஓடினார். மெஷின்களை நிறுத்தி, ஆட்களைப் பின்வாசல் வழியாக விரட்டினார். தங்கச் சங்கிலியைக் கழற்றினார். லீவில் போயிருந்த வாட்ச்மேனின் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, தொப்பை மேல் பொத்தான் போடமுடியாமல், கேட் அருகே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வெள்ளை வேட்டியில் வந்தவர் காம்பவுண்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். எமகாதகன், வேட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று வெங்கடபதி மனதுக்குள் திட்டினார்.

"பட்டறை நல்லா ஓடுதுங்களா?"

"எங்கீங்க ஓடுது? மூடி ரண்டு வருசமாச்சுங்க."

"தண்ணி வசதியெல்லாம்?"

"ஒரு சொட்டு இல்லீங்க. போரெல்லாம் வத்திப்போச்சுங்க."

"மொதலாளி எப்படிங்க?"

மூடிய பட்டறைக்கு ஒரு காரணம் வேண்டுமே. வெங்கடபதி யோசிக்கவேயில்லை.

"அந்தாளுங்களா? குடிச்சே எல்லாத்தையும் அழிச்சுப்போட்டாருங்க. இந்தப் பக்கம் தலைவெச்சும் படுக்கறதில்லீங்க."

வந்தவர் முகம் சுருங்கியது. "நல்லவேளைங்க, உங்களைக் கேட்டேன்," என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அரசாங்கத்தையே ஏமாற்றிவிட்ட பூரிப்பில் வெங்கடபதி மத்தியானம் வீட்டுக்குப் போனார். இலை முன் உட்கார்ந்து, கதையை மனைவி பங்காரம்மாவிடம் எப்படி ஆரம்பிக்கலாம் என்று யோசித்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காரமடை மாப்பிள்ளையோட பெரியப்பா நம்மளப் பத்தி விசாரிக்க நேர்லயே வந்தாருங்களாமா. இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு தரகர்கிட்டச் சொல்லிப்போட்டாருங்க," என்றாள். "மொதல்ல அந்த வாட்ச்மேனை வேலையை விட்டுத் துரத்துங்க."