கிளைமாக்ஸ் அண்ணன்

"நல்ல புத்தகம் ஒண்ணு படிச்சா, அதை முதல்ல யார்கிட்ட சொல்லணும் தெரியுமா?" என்று பல் டாக்டரின் தாய்மாமா அடிக்கடி ஆரம்பிப்பார். பதிலையும் அவரே சொல்வார். டாக்டருக்குக் கேள்வி மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. பதில் போன இடம் தெரியவில்லை.

இப்போது அவருடைய தலைவலி வேறு. சொல்லிக்கொண்டே இருக்கும் ஓர் ஆளை எப்படி நிறுத்துவது?

மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, அவருடைய கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் வாசகர்கள் கூடுவார்கள். ஒருவர் தனக்குப் பிடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து நாலு வார்த்தை பேச வேண்டும். பிறகு அது கைமாறிக் கைமாறி எல்லோரிடமும் போகும். சட்டம் ஒன்றே ஒன்றுதான். டாக்டரே எழுதி, கடைவாய்ப்பல் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்தார்: 'முடிவைச் சொல்லாதீர்கள்.'

அதைத்தான் ஓய்வுபெற்ற இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் காற்றில் பறக்கவிட்டார். எந்தப் புத்தகம் வந்தாலும் முதல் ஆளாக வாங்கிப் போவார். அடுத்த கூட்டத்தில், மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கும்போதே, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒப்பித்துவிடுவார். முன்பெல்லாம் மனிதர் இப்படி இல்லை. ஒரு வருடமாகத்தான் இந்த வியாதி. 'கிளைமாக்ஸ் அண்ணன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு ஒரு துப்பறியும் நாவல். அவர் வாயைத் திறந்ததுமே, பெரியாஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அப்படியும் கொலைகாரன் யார் என்பது உள்ளே நுழைந்துவிட்டது.

போதாததற்கு, அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்த புரூஃப் சார், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்டார்.

"கதாநாயகி வீட்டை விட்டுக் கிளம்பறப்ப மழையா, வெயிலா?"

"நல்ல மழை சார். குடையை மறந்துட்டுப் போறா."

"சார், நீங்க வேற ஏன் சார் கிளறி விடறீங்க?" என்றார் நர்ஸ்.

புரூஃப் சார் காதில் வாங்கவில்லை. கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

"மறந்திருக்க மாட்டா. திரும்பி வரணும்னு நினைக்கிறவங்க எதையாவது ஒண்ணை விட்டுட்டுத்தான் போவாங்க."

நர்ஸ்கூடக் காதிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ஆனால் கூட்டம் கலைந்ததும் நர்ஸ் கிளம்பவில்லை. ஷிப்டு முடிந்து பஸ்ஸில் படித்தபடி வரும் நேரம்தான் தனக்கென்று இருக்கிற நேரம் என்றும், அந்த நாவலுக்காக எத்தனை நாள் ஆசையாகக் காத்திருந்தார் என்றும் சொன்னார். கோபம் வந்தால்கூடப் பரவாயில்லை, அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

"ஒண்ணு அவர் வாயைக் கட்டுங்க. இல்ல, என்னை விட்டுடுங்க டாக்டர்."

பல்லைப் பிடுங்குவது சுலபம். மரத்துப்போக ஊசி இருக்கிறது. ஓர் ஆளைக் கூட்டத்திலிருந்து பிடுங்க என்ன இருக்கிறது? மறுநாள் டாக்டர் ஏஜென்டைக் கிளினிக்குக்கு வரச்சொல்லி, எங்கெங்கோ சுற்றி விஷயத்துக்கு வந்தார்.

ஏஜென்ட் பல் பார்க்கும் நாற்காலியில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"வர வேண்டாங்கறீங்க."

"அப்படி இல்லண்ணே. முடிவை மட்டும் சொல்லாம இருந்தாப் போதும்."

"அது முடியாது டாக்டர்."

டாக்டருக்குச் சுருக்கென்றது. இந்த வயதில் வாயை அடக்க முடியாதா, அடுத்தவர் சந்தோஷத்தைக் கெடுப்பதில் அப்படி என்ன ருசி என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டார்.

ஏஜென்ட் எழுந்தார். கதவு வரை போனவர் திரும்பி வந்தார்.

"நான் வரல. ஆனா புரூஃப் சாருக்கு மட்டும் யாராவது கதையை முழுசாச் சொல்லிடுங்க."

"அவருக்கு எதுக்கு? அவரே படிச்சுக்குவாரே."

"படிக்க முடியாது டாக்டர்." குரல் தணிந்தது. "போன வருஷம் ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில கிடந்தாரே, அதுக்கப்புறம் ஒருநாள் பஸ் ஸ்டாப்புல பார்த்தேன். கண்ணாடி போட்டிருக்கார். பஸ் எதிர்லயே நிக்குது, போர்டு இத்தனை பெரிசு. பக்கத்துல நின்ன பொண்ணுகிட்ட, இது எங்கம்மா போகுதுன்னு கேக்கறார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தா, பேப்பர் பிரிக்காம அடுக்கி இருக்கு."

கண் நன்றாகத் தெரியும், எழுத்து மட்டும் பிடிபடாமல் போய்விடும். எப்போதோ கல்லூரியில் படித்தது டாக்டருக்கு நினைவு வந்தது.

"அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லலாமேண்ணே?"

"நீ ஏன்யா எனக்குக் கதை சொல்ல வர்றேன்னு கேப்பாரே. எனக்குத் தெரியுங்கறதே அவருக்குத் தெரியாது. இங்க சொன்னா அந்தத் தொல்லை இல்ல. நான் ஒரு ஓட்டை வாய், அவ்வளவுதானே."

அன்று மாலையே டாக்டர் தனக்கு மிகவும் பிடித்த நாவலை எடுத்துக்கொண்டு நர்ஸ் வீட்டுக்குப் போனார். இனி எந்தப் புத்தகம் வந்தாலும் முதலில் அவருக்குத்தான் என்றும், இதை அடுத்த கூட்டத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார்.

ஏஜென்டுக்கும் போன் செய்து, கட்டாயம் வர வேண்டும் என்றார்.

அடுத்த மாதக் கூட்டத்தில், கடைவாய்ப்பல்லுக்குக் கீழே இருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, டாக்டர் அந்தக் கதையைக் கடைசி வரி வரை சொன்னார். எங்கே மழை, எங்கே வெயில் என்பதையும் சேர்த்து.