பெரிய வீட்டுக் கதவு

"பழைய தொடர்ல அந்த அம்மா கண்ணாலயே அழுவாங்க. இதுல மேக்கப் கலையாம அழறா!"

மழை தூறும் மதியத்தில், சோபாவில் சாய்ந்தபடி மனைவி அலுத்துக்கொண்டாள். மூன்று தலைமுறைக் குடும்பக் கதை அது. இருபத்தைந்து வருடம் முன்பு தொடராக வந்ததை இப்போது புதிதாக எடுக்கிறார்கள்.

பக்கத்தில் கணவர் கண்ணை மூடியிருந்தார். டிவியை அவர் எப்போதும் அப்படித்தான் பார்ப்பார்.

"தூங்கறீங்களா?"

"இல்ல, சொல்லு."

"எல்லாமே மாறிப்போச்சு. ஆனா மூத்த பையன் கோவிச்சுக்கிட்டுக் கிளம்பறப்போ வாசல் கதவைச் சாத்தறான் பாருங்க, அந்தச் சத்தத்துக்கு மட்டும் அன்னிக்கு மாதிரியே அழுகை வருது. அதே வீட்டுல எடுத்திருப்பாங்களோ?"

"அதே வீடுதான்" என்றார், கனவில் பேசுவதுபோல.

விளம்பரம் வந்தது. அவள் எழுந்தாள்.

"நம்ம பீரோ கதவுக்கு எண்ணெய் வாங்கிட்டேன். வழக்கம்போல வேணாம்னு சொன்னீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். கல்யாணமான நாள்லேர்ந்து உயிரை வாங்குது."

படுக்கையறைக்குப் போய் அந்த மர பீரோவைத் திறந்தாள். கதவு நீளமாக முனகியது. சாத்தினாள்.

டொம்!

மூத்த பையன் சாத்திய அதே சத்தம்.

எண்ணெய் டப்பாவோடு திரும்பி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"நீங்க சீரியலுக்குச் சத்தம் சேர்க்கற வேலையெல்லாம் ஸ்டூடியோவுலதான் நடக்கும்னு நினைச்சேன்."

"பழைய தொடருக்குப் பதிவு பண்ணினப்போ நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தே" என்றார் கண்ணைத் திறக்காமலே. "இந்தத் தடவை காய்கறி வாங்கப் போயிருந்தே."

அவள் டப்பாவைத் திறக்காமலே ஓரமாக வைத்தாள்.

"மூத்த பையன் திரும்பி வர்ற காட்சிக்குச் சத்தம் சேர்த்தாச்சா?"

"இன்னும் இல்ல."

"அதுக்குக் கதவை நான் திறக்கறேன்."