நாற்பது தலைப்புகள்

"போனைக் கொடுங்க. லாக்கை எடுத்துட்டுக் கொடுங்க."

புருஷனிடம் எதை வேண்டுமானாலும் கேள், போனை மட்டும் கேட்காதே என்று அம்மா தலையில் அடித்துச் சொல்லியிருந்தாள். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குச் சொல்பேச்சு கேட்டுப் பழக்கமில்லை.

கணவன் கொடுத்தான். பார்த்த படங்களின் பட்டியலைத் திறந்தாள். மொத்தம் நாற்பது. எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிற ரகம்.

"'ஹவுஸ் ஓனர் மனைவி.' இதை எதுக்குத் தொட்டீங்க?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"மறைக்காம சொல்லுங்க. நான் இருக்கிறதா, போறதான்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்."

"பேரைப் பார்த்துத்தான்" என்று முனகினான். அப்புறம் மடை திறந்துவிட்டது. ஹவுஸ் ஓனர் மனைவி என்றால் ஆள் தெரியும், இடம் தெரியும், எவனாவது வந்து கதவைத் தட்டுவானோ என்ற பயம் இருக்கும் என்பதும் தெரியும். 'மாமனார் ஊருக்குப் போன நாள்' என்றால் வீடு காலி, அவசரமே இல்லை. 'லிஃப்டில் இருவர் 3' என்றால் கதையெல்லாம் கிடையாது, நேராக விஷயம்தான்.

கேட்கக் கேட்க அவளுக்கு வயிறு எரிந்தது.

"அவகிட்ட அப்படி என்னதான் இருக்கு?"

"எவ?" அவன் விழித்தான். "ஒவ்வொரு படத்துலயும் வேற வேற ஆளு."

அவன் தொடாமல் விட்ட ஒரு படத்தைத் தேடி எடுத்து நீட்டினாள். 'ஈரக் காற்றின் முகவரி.'

"இது?"

"அதுவா? அவார்டு படம் மாதிரி இருக்கு. ரெண்டு பேர் கடலைப் பார்த்துட்டே உட்கார்ந்திருப்பாங்க. அதை எவன் தொடுவான்?"

போனைக் கட்டிலில் வீசிவிட்டுக் கைப்பையை எடுத்தாள். அவன் வாசலில் குறுக்கே நின்றான். இனிமேல் சத்தியமாகப் பார்க்க மாட்டேன், நீ போய்விட்டால் அத்தைக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று கெஞ்சினான்.

"உங்களை யாரு விட்டுட்டுப் போறா? நகருங்க, மத்தியானம் வந்துடுவேன்" என்று செருப்பை மாட்டினாள். "நான் ஆபீஸ்ல மூணு வருஷமா மொழிபெயர்க்கறதா நினைச்சுட்டிருக்கீங்க. இந்தப் படங்களுக்கெல்லாம் பேர் வைக்கிறதுதான் என் வேலை. நான் இலக்கியத்துல எம்.ஏ. பக்கத்து சீட்டுக்காரி பத்தாவது ஃபெயில். நாற்பதும் அவ வச்ச பேரு. கட்டின புருஷனே என்னோடதுல ஒண்ணைக்கூடத் தொடலை" என்றவள், நேற்றே எழுதி வைத்த ராஜினாமா கடிதத்தோடு படியிறங்கினாள்.