கூட வந்த ஜோடி

"பொட்ட எடுத்துரு கலா. பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு."

இந்திரகுமார் முன் சீட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னான். விஜயகலா நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்து, பைக்குள் கிடந்த சின்னக் கண்ணாடியில் ஒட்டிவைத்தாள். தெரணியகலையில் விடியற்காலை பஸ் ஏறும்போதே பேசிக்கொண்டதுதான். போர் உச்சத்தில் இருந்த இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டுக் கொழும்பில் தமிழ்ப் பேர் போட்ட அடையாள அட்டையை நீட்டினால், ஏன் வந்தாய், யாரைத் தெரியும் என்று அரைநாள் போய்விடும். நேரம் சரியில்லை என்றால் ராத்திரி பொலிஸ் ஸ்டேஷனில்தான். சிங்களம் இருவருக்கும் தண்ணீர் பட்ட பாடு. வாயைத் திறந்தால் ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. பொட்டுதான் காட்டிக் கொடுக்கும்.

பைக்குள் மஞ்சள் பூசிய தேங்காய் ஒன்றும் இருந்தது. மகள் தக்‌ஷிகா டெங்குக் காய்ச்சலில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் செட்டியார் தெரு முருகனுக்குத் தன் கையால் தேங்காய் உடைப்பதாகக் கலா வேண்டியிருந்தாள். பிள்ளை பிழைத்துவிட்டது. வேலை பார்க்கும் தேயிலைத் தோட்டத்தில் இருவருக்கும் சேர்ந்தாற்போல ஒரு நாள் லீவு கிடைக்கத்தான் எட்டு மாதம் ஆயிற்று. அப்படியே கொழும்பையும் காலாறச் சுற்றிப் பார்க்கலாம் என்று இந்திரகுமார் சொன்னதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இருவரும் தனியாக எங்கும் போனதில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி நாலடி வைத்ததும் சோதனைச் சாவடி. ஓரமாக ஏழெட்டுப் பேரை நிறுத்தி வைத்திருந்தார்கள். இந்திரகுமார் நடையைத் தளர்த்தினான். அப்போதுதான் அவர்கள் வயதிலேயே ஒரு ஜோடி பக்கத்தில் வந்து, காலிமுகத்திடல் கடற்கரைக்கு எப்படிப் போவது என்று சிங்களத்தில் கேட்டது. நாங்களும் அங்கேதான் போகிறோம், சேர்ந்தே போகலாம் என்று அவனும் சிங்களத்தில் சொல்லிவிட்டான். கலா அவன் கையைக் கிள்ளினாள். முதலில் கோயில் என்றல்லவா பேச்சு?

அந்த ஆளின் பெயர் சுனில், மனைவி மல்லிகா, ஊர் அரநாயக்க. இந்திரகுமார் தன்னை இந்திரசிறி என்றும் அவளைக் கலானி என்றும் அறிமுகப்படுத்தினான். நால்வரும் சிரித்துப் பேசிக்கொண்டு சாவடிக்குப் போனார்கள். ஆமிக்காரன் அட்டையைக்கூடக் கேட்காமல் போகச் சொல்லிக் கையசைத்தான்.

காலிமுகத்திடலில் அந்த இருவரும் இறால் வடை வாங்கப் போன நேரத்தில் கலா புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க இது? மொதல்ல கோயிலுன்னு சொன்னீங்க."

"சிங்கள ஆளுங்க கூட போனா ஒருத்தனும் நிறுத்த மாட்டான். பாத்தீல்ல? இன்னைக்கு இவங்கள விடக்கூடாது. கோயிலுக்குச் சாயங்காலம் போயிக்கலாம்."

மல்லிகா வடையோடு வந்தாள். கலானி, கலானி என்று மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் தன்னைத்தான் என்று கலாவுக்கு உறைத்தது. பட்டம் பார்த்தார்கள். கடலில் கால் நனைத்தார்கள். ஒரே போட்டோக்காரரிடம் ஜோடி ஜோடியாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். சாமிக்கு வைத்ததைத் தரையில் வைக்கக்கூடாது என்று கலா பையை மடியிலேயே வைத்திருந்தாள். மல்லிகாவும் தன் பையைக் கீழே வைக்கவில்லை. திருடனுக்குப் பயப்படுகிறாள் போலும் என்று கலா நினைத்தாள்.

மல்லிகா நன்றாகப் பேசினாள், தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் 'நங்கி' என்று வாய்நிறையக் கூப்பிட்டாள். தன் மகன் போன வருஷம் சாகப் பிழைக்கக் கிடந்து எழுந்ததைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. என் பிள்ளையும்தான், அதனால்தான் வேண்டுதல் என்று கலாவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டாள். மல்லிகாவும் என்னவோ சொல்ல வந்து கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

திரும்பி நடந்து, புறக்கோட்டை நடைபாதைக் கடைகளையும் சிவப்புப் பள்ளிவாசலையும் பார்த்து, நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவுக்கு வரும்போது மணி ஐந்து. கோயில் மணி கேட்டது. கலாவின் கால் தானாக நின்றது. வாசலில் பொலிஸார் ஒவ்வொருவராக அடையாள அட்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் அட்டையை நீட்டினால் விஜயகலா என்று உரக்கப் படிப்பார்கள், இந்த இருவரும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

சுனில் வாசலைப் பார்த்தான். பஸ்ஸுக்கு நேரமாகிறது, நமக்கு இங்கே என்ன வேலை என்று சொல்லி விறுவிறுவென்று நடந்தான். இந்திரகுமாரும் தலையாட்டிக்கொண்டு பின்னால் போனான். மல்லிகா மட்டும் நின்றாள். தனக்காகத்தான் நிற்கிறாள் என்று நினைத்து, கலா மனசைக் கல்லாக்கிக்கொண்டு அவளோடு நடந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் மல்லிகா அவள் கையைப் பிடித்து விடைபெற்று, பக்கத்து பஸ்ஸில் ஏறினாள். தங்கள் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கலா உடைந்து அழுதாள்.

"அதுங்க நல்ல சனங்கதான். ஆனா ஒட்டிக்கிட்டே வந்து என் வேண்டுதல கெடுத்துட்டாங்களே."

"அவங்க இல்லாட்டி நம்ம இந்நேரம் ஸ்டேஷன்ல கெடப்போம். சும்மா இரு."

கலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டை உரித்தாள். நெற்றிக்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது.

பக்கத்து பஸ் ஜன்னலில் மல்லிகா ஒரு சின்னக் கண்ணாடியிலிருந்து பொட்டை உரித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியிலிருந்த பையைத் திறந்து, மஞ்சள் பூசிய தேங்காயை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.