துடைத்தால் போகாதது

நம் பால்வெளியை ஒரு மங்கலான குட்டிப் பால்வெளி சுற்றிவருகிறது என்று மங்கையர்க்கரசி அடித்துச் சொன்னாள். அதைக் காட்டுவதற்காக, குறுக்கே மறித்து நின்ற நம் நட்சத்திரங்களைப் படத்திலிருந்து கோடிக்கணக்கில் அழித்தாள். அழித்து அழித்து விரல் ரேகையே தேய்ந்துபோய், வாசலில் இருக்கும் கைரேகை மெஷின் அவளை உள்ளே விட மறுத்தது. கடைசியில் கறுத்த திரையில் ஒரு கைப்பிடிப் புள்ளிகள் மிஞ்சின. இன்று ஆய்வுக்கூட டைரக்டர் ஞானாபரணம் ஒப்புக்கொண்டால் உலகத்துக்கே அறிவிப்பு. இல்லையென்றால் அவளுடைய ஆய்வை இழுத்து மூடிவிடுவார்கள்.

டைரக்டர் மூக்கு திரையில் முட்டும்படி குனிந்தார். திறந்த ஜன்னலுக்கு வெளியே ரோடு போடுகிறவர்கள் ஊரையே மாவாக அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏம்மா, இது தூசி இல்லையே?”

“ஒவ்வொண்ணும் ஒரு சூரியன் சார்.”

“சூரியன்னா துடைச்சா போகாதுல்ல? துடைங்க” என்று தம் கைக்குட்டையை நீட்டினார்.

ஒரு புள்ளி குறைந்தாலும் அது பால்வெளி இல்லை, தற்செயலாகக் கூடி நின்ற கூட்டம் என்று ஆகிவிடும். கோடி நட்சத்திரங்களைக் கூசாமல் அழித்தவளுக்கு அந்தக் கைக்குட்டை அம்மிக்கல்லாகக் கனத்தது.

“நீங்களே துடைங்க சார்.”

“அந்தப் பாவம் எனக்கெதுக்கும்மா?”

கண்களை இறுக மூடிக்கொண்டு ஒரே இழுப்பாகத் துடைத்தாள். ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து, திரையைப் பார்க்கத் துணியாமல் அவர் முகத்தைப் பார்த்தாள். “இன்னும் இருக்கேம்மா” என்றபடி அவர் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.