எந்தத் தெரு?

சமூக மாற்றத்தை அளக்கத் தெரிந்தவன் தமிழ்நாட்டிலேயே தான் ஒருவன்தான் என்று, ஜெயங்கொண்டம் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே ராஜராஜன் அறிவித்தான்.

அதைக் கேட்க அங்கே நின்றவள் உண்ணாமலை மட்டும்தான். காலனிப் பெண்கள் சங்கத்தின் தலைவி. அவனை அழைத்துப்போக வந்திருந்தாள்.

டீக்கடையில் இரட்டைக் கிளாஸ் ஒழிப்புத் திட்டம் அந்த ஊரில் ஜெயித்ததா தோற்றதா என்று தொண்டு நிறுவனத்துக்குச் சொல்வது அவன் வேலை.

போன வருடம் வந்த ஆளை வழியெல்லாம் கிழித்துக்கொண்டு வந்தான். அவரிடம் ஒரே ஒரு விதி இருந்ததாம்: தனிக் கிளாஸ் உண்டா, இல்லையா? இல்லை. கடைக்காரர் கொடுத்த டீயைக் குடித்தார், 'ஒழிந்தது' என்று எழுதினார், போய்விட்டார்.

"மாடு வாங்குறவங்ககூட பல்லப் புடிச்சுப் பாப்பாங்க. அந்தாளு டீயக் குடிச்சுப் பாத்திருக்காரு."

தன்னிடம் விதியே கிடையாது, நெறி மட்டும்தான் என்றான். மரியாதை கிடைக்கிறதா என்பதை, கிடைக்காதவரிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்டான்.

"கிளாஸ ஒழிச்சிட்டாங்க சார். எங்களுக்கு மட்டும்" என்றாள் உண்ணாமலை. "அவங்க பெஞ்சுல ஒக்காந்து கிளாஸுல குடிக்கிறாங்க. நாங்க வெயில்ல நின்னு பிளாஸ்டிக் கப்புல குடிக்கிறோம். இந்தத் தடவையும் ஒழிஞ்சுதுன்னு எழுதிட்டா ஒங்க ஆபீஸு மூட்டையக் கட்டிடும். அப்பறம் நாங்க யாருகிட்ட போயிச் சொல்றது?"

எழுதினால் தன் பெயர் ராஜராஜன் இல்லை என்றான்.

டீக்கடை செல்லக்கண்ணு அவர்களைப் பார்த்ததுமே கரண்டியைப் பாய்லர்மேல் ஓங்கித் தட்டினார்.

"ரெண்டு கிளாஸுன்னு எவன்டா சொன்னவன்? ஒரே கிளாஸுதான் இருக்கு. உள்ள பூந்து தேடிக்க."

பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரை மடித்து வைத்தார்கள்.

செல்லக்கண்ணு ஒரு பிளாஸ்டிக் கப்பில் டீயை ஊற்றி உண்ணாமலை பக்கம் தள்ளினார். அடுத்ததற்குக் கை நீட்டியவர், கிளாஸுக்கும் கப்புக்கும் நடுவில் நிறுத்தினார்.

"சாருக்கு எந்த ஊரு?"

"அரியலூர் பக்கங்க."

"எந்தத் தெரு?"

அந்தக் கேள்வியே ஒரு குற்றம் என்று விளக்க ராஜராஜனிடம் முழுநீளப் பேச்சு ஒன்று தயாராக இருந்தது. வாயைத் திறந்தான். பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மேலத் தெருங்க."

கிளாஸ் வந்தது. பெஞ்சில் இடம் வந்தது. முதுகில் செல்லமாக ஒரு தட்டும் வந்தது.

"அட, நம்ம ஆளு! நம்மளப் போயி மாட்டிவுடுவாரா?"

உண்ணாமலை கையில் கப்போடு வெயிலில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜராஜன் டீயை மிச்சம் வைக்காமல் குடித்தான். பேனாவைத் திறந்தான். 'ஒழிந்தது' என்று எழுதினான்.

அவன் ஊரில் மேலத் தெரு என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதில் அவன் இதுவரை செருப்புப் போட்டுக்கொண்டு நடந்ததில்லை.