தொலையாத சாவி

"கார்டு தொலையும், போன் தொலையும். இது மட்டும் தொலையவே தொலையாது மாமா!"

பாகூர் மருத்துவ முகாமில், தன் அக்கா கணவர் குழந்தைவேலின் கட்டைவிரலைக் கருவியில் அழுத்தியபடி, அங்கே பதிவு வேலை பார்த்த குமரவேல் ஆசையாக விளக்கினான். "ஒன் நோய், ஒனக்கு ஆவாத ஊசி எல்லாத்தையும் உள்ள பூட்டி வெச்சிருக்கு. இந்த வெரல்தான் சாவி. அக்காவே கேட்டாலும் தெறக்காது."

"நான் மயக்கத்துல கெடந்தா?"

"கெடந்தா இன்னா? ரத்தம் ஓடுற வெரலா இருந்தா போதும், தெறந்துக்கும்."

"பத்து வெரலயும் வெக்கணுமாடா?"

"ஒண்ணே போதும் மாமா!"

இரண்டு மாதம் கழித்து, மாமாவுக்கு விபத்து என்று போன் வந்தது. குமரவேல் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். மாமா கழுத்துவரை போர்த்திய போர்வைக்குள் நினைவில்லாமல் கிடந்தார். அக்கா புவனேஸ்வரி ஒரு ஐஸ் பெட்டியை மடியில் அணைத்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"உடனே ஆபரேஷன் பண்ணணும்," என்றார் டாக்டர். "முன்னாடி ஏதோ ஊசி ஒத்துக்காம சாவக் கெடந்தாராம். எந்த ஊசின்னு இவங்களுக்குத் தெரியல. தெரியாம மருந்து குடுக்கப் பயமா இருக்கு."

குமரவேலுக்கு உயிர் வந்தது. "கவலப்படாதீங்க சார். மாமா கட்டைவிரல வெச்சா எல்லாம் வந்துடும்."

டாக்டர் தயங்கினார். "எந்தக் கை?"

"வலது கை சார்."

டாக்டர் புவனேஸ்வரியைப் பார்த்தார்.

அவள் ஐஸ் பெட்டியைத் தம்பியிடம் நீட்டினாள்.

"கரும்பு மெஷின்ல துண்டாப் போனத எடுத்தாந்துட்டேன்டா... இது தெறக்கும் இல்ல?"